ஐந்து பேர் போனார்கள். நான்கு பேர் திரும்பினார்கள்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதில் விழும். "தடக், தடக்" என்று விடாமல் கேட்கும். அங்கே நெய்வது சேலை அல்ல, வேட்டியும் அல்ல. காயத்துக்குக் கட்டும் துணி. ஆஸ்பத்திரியில் "பேண்டேஜ்" என்கிறார்களே, அந்தத் துணி!

சல்லடை போன்ற மெல்லிய துணி. தறியிலிருந்து இறங்கும்போது பழுப்பாக இருக்கும். அதை வெளுத்து, வெயிலில் காயவைத்து, அளவு பார்த்து வெட்டி, சுருட்டினால் பால் போல் வெள்ளையாகிவிடும். எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வட்டாரத்துத் துணி போகிறது. கடல் கடந்தும் போகிறது.

துணியை அனுப்புவது எளிது. மூட்டை கட்டி, விலாசம் எழுதி, லாரியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. அந்தத் துணியைக் கட்டுவதற்கு வீட்டுப் பிள்ளையே கிளம்பினால்?

"தூர தேசத்தில் ஒரு வருஷம் தொண்டு செய்யப் போகிறேன்" என்று டாக்டருக்குப் படித்த மகன் சொல்கிறான். அல்லது நர்ஸ் படிப்பு முடித்த மகள் சொல்கிறாள். ராஜபாளையமானாலும், அரை மணி பஸ் தூரத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரானாலும், பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எப்போது திரும்பி வருவாய்?"

இந்தக் கேள்விக்கு நிச்சயமான பதில் உண்டா? ஐந்து இந்திய டாக்டர்களின் கதையைக் கேட்டால் தெரியும்.

மில் குமாஸ்தாவின் மகன்

1936-ம் ஆண்டு ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ஒரு பஞ்சாலையைத் தொடங்கினார். அதற்கு முன்பே மில்களால் பெயர் பெற்ற ஊர் ஒன்று பம்பாய் மாகாணத்தில் இருந்தது. அதுதான் சோலாப்பூர். அங்கே ஒரு மில்லில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர் சாந்தாராம் கோட்னிஸ். பெரிய குடும்பம். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் துவாரகநாத். 1910-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிறந்தவர்.

பஞ்சாலைத் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் நிறைந்த ஊரில் ஒரு பிள்ளை டாக்டராகிவிட்டால் அது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்பதை ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவாரகநாத் பம்பாயில் படித்து டாக்டர் ஆனார். மேல்படிப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். குடும்பம் தலையெடுக்கும் நேரம்.

அந்தச் சமயத்தில் சீனாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1937-ம் ஆண்டு ஜப்பான் படை சீனாவுக்குள் பெரும் படையெடுப்பு நடத்தியது. காயம்பட்டவர்கள் ஏராளம். டாக்டர்கள் மிகக் குறைவு. சீனத் தளபதி சூ தே, ஜவகர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். "டாக்டர்களை அனுப்பி உதவுங்கள்" என்று கேட்டார்.

அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். 1938-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். நாமே அடிமைப்பட்டுக் கிடந்த காலம். இருந்தும் 22 ஆயிரம் ரூபாய் திரண்டது. ஒரு ஆம்புலன்ஸ் வண்டியும் கிடைத்தது. ஐந்து டாக்டர்கள் முன்வந்தார்கள்.

அலகாபாத்தைச் சேர்ந்த அடல், குழுவின் தலைவர். ஸ்பெயின் நாட்டு யுத்தத்தில் முன்னமே தொண்டு செய்தவர். நாகபுரியிலிருந்து சோல்கர். கல்கத்தாவிலிருந்து பாசு, முகர்ஜி என்று இரண்டு பேர். ஐந்தாவது ஆள் சோலாப்பூர் கோட்னிஸ். அவருக்கு 28 வயது நிரம்பவில்லை.

அவர் வீட்டாரிடம் கேட்டார். தகப்பனார் தடுக்கவில்லை, உற்சாகப்படுத்தினார். சீனா எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்றெல்லாம் அந்த வீட்டில் அதிகம் தெரியாது. சீனாக்காரர்கள் பட்டுத் துணி விற்க வருவார்கள் என்பது மட்டும் தெரியும். அவருடைய தங்கை பிற்காலத்தில் இதைச் சொன்னார்.

1938-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ந் தேதி "ராஜபுதானா" என்ற கப்பல் பம்பாயை விட்டுக் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாயாராக இருந்தால் பால்கோவா கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார். "ஒரு வருஷம்தானே" என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்.

வழியில் வந்த சேதி

கப்பல் 17-ந் தேதி கான்டன் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து உள்நாட்டுக்குள் நெடும் பயணம். குண்டு விழும் ஊர்கள் வழியாகச் சுங்கிங் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சுங்கிங்கில் இருந்தபோது கோட்னிஸுக்கு வீட்டிலிருந்து சேதி வந்தது. தகப்பனார் இறந்துவிட்டார்!

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வெளியூரில் பிள்ளை இருக்கும் எல்லாக் குடும்பங்களும் மனதுக்குள் பயப்படுவது இந்த ஒரு சேதிக்குத்தான். கொள்ளி வைக்கக்கூட வர முடியாத தூரம். சேதி வந்து சேரும்போது காரியம் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். வீட்டில் தாயார் இருக்கிறார். உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். சம்பாதித்தவர் போய்விட்டார்.

"நீ ஊருக்குத் திரும்பிப் போகலாம்" என்றார் குழுவின் தலைவர் அடல். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோட்னிஸ் யோசித்தார். ஒரு வருஷம் தொண்டு செய்வதாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது முடியும் முன்பு திரும்புவதில்லை என்று தீர்மானித்தார். 1939-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் யெனான் என்ற இடத்துக்கு மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தார். மலையைக் குடைந்த குகைகளில் மக்கள் குடியிருந்த ஊர் அது. அங்கே மாவோ அவர்களை வரவேற்றார்.

அவர் செய்தது சரியா? தாயாரின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பதில். காயம்பட்டுக் கிடந்தவனின் பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொரு பதில். அந்த நாளில் அவருக்கு யோசனை சொல்லப் பெரியவர்கள் யாரும் அருகில் இல்லை. பெரியவர்களைக் கேட்டே எதையும் செய்து பழகிய பிள்ளைகளுக்கு, தூர தேசத்தில் கடினமாக இருப்பது சாப்பாடு அல்ல, இதுதான்.

பாஷை படித்தவர்

கோட்னிஸ் இன்னொரு முடிவும் செய்தார். அதை முடிவு என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். சீன பாஷையைப் படிக்க ஆரம்பித்தார்!

ஒரு வருஷத்துக்கு வந்த டாக்டருக்குப் பாஷை எதற்கு? மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தால் போதும். கோட்னிஸ் அப்படி நினைக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று காயம்பட்டவனை அவன் பாஷையிலேயே கேட்க விரும்பினார். பேசக் கற்றார். எழுதவும் கற்றார். சீன எழுத்து எளிதல்ல. நம் எழுத்தைப்போல் இருநூற்றுச் சொச்சத்தோடு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பின்னால் அவர் வாழ்க்கையில் நடந்தவற்றை எல்லாம் பார்த்தால், அவர் ஊருக்குத் திரும்பாமல் போனது சுங்கிங்கில் ஆரம்பித்ததா, அல்லது அந்தப் பாடப் புத்தகத்தில் ஆரம்பித்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரு வருஷம் முடிந்தது. முகர்ஜியும் சோல்கரும் ஊருக்குத் திரும்பினார்கள். முகர்ஜியின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அடலும் நோயுற்று, அடுத்து ஊர் திரும்பினார். பாசுவும் கோட்னிஸும் எஞ்சினார்கள். பாசுவை யெனானுக்கு அழைத்துக்கொண்டார்கள். போர் முனையில் கோட்னிஸ் மட்டும் தனியாக நின்றார்.

1940-ம் ஆண்டு பெரிய சண்டை மூண்டது. காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 800 பேருக்கு மேல் அவர் சிகிச்சை செய்தார். ஒரு சமயம் 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் இரவும் பகலும், ஓயாமல் ஆபரேஷன் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மருந்து போதாது. துணி போதாது. ஒருவருக்குக் கட்டிய பேண்டேஜ் துணியை அவிழ்த்து, ரத்தத்தைத் துவைத்து, கொதிக்க வைத்து, உலர்த்தி, அடுத்தவருக்குக் கட்டுவார்கள். அதற்கென்றே முறை வகுத்திருந்தார்கள். சத்திரப்பட்டியில் நாள் முழுவதும் சுருள் சுருளாக வந்து விழும் துணியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் விளங்கும்.

அதே பகுதியில் கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன் என்பவர் தொண்டு செய்து வந்தார். அவர் 1939-ம் ஆண்டு நவம்பர் மாதம் ரத்தத்தில் விஷம் ஏறி இறந்துபோனார். அவர் பெயரால் "பெத்யூன் சர்வதேச சமாதான ஆஸ்பத்திரி" ஏற்பட்டது. 1941-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதற்கு டைரக்டராகக் கோட்னிஸ் நியமிக்கப்பட்டார். அப்போது வயது 30.

கல்யாணம்

அங்கே நர்ஸுகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பெண் குவோ சிங்லான். பெத்யூனின் சமாதி திறப்பு விழாவில் கோட்னிஸை அவள் முதலில் பார்த்தாள். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் சீன பாஷையைப் பேசுகிறாரே, எழுதுகிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். பாஷை படித்தது எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்! 1941-ம் ஆண்டின் கடைசியில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

ஒரு பெண் தன் கணவன் யார் என்பதைத் தானே முடிவு செய்த கதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதல்ல. அந்த ஊரின் கதையே அதுதான். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்து வளர்த்த பெண், அரங்கனைத் தவிர வேறு யாரையும் மணக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெரியாழ்வார் என்ன செய்தார்? தாமே அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். ஒப்படைத்தார். ஆண்டாளைப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். பெண்ணை விட்டுவிட்டு ஒற்றை ஆளாக வில்லிபுத்தூர் திரும்பிய அந்தத் தகப்பனாரை நினைப்பவர்கள் குறைவு. ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகும்போது ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

கோட்னிஸின் கல்யாணத்தில் ஒப்படைக்கவோ ஆசீர்வதிக்கவோ தகப்பனார் இல்லை. தாயார் சோலாப்பூரில். இடையில் யுத்தம்.

1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. "இன்ஹுவா" என்று பெயர் வைத்தார்கள். சீன பாஷையில் "இன்" என்றால் இந்தியா. "ஹுவா" என்றால் சீனா.

நான்காவது முடிவு

சீனா போக ஒப்பியது, தகப்பனார் இறந்தும் தங்கியது, கல்யாணம். மூன்று முடிவுகள் ஆகிவிட்டன. நான்காவது முடிவுதான் மனதை உறுத்துகிறது.

கோட்னிஸுக்கு வலிப்பு நோய் கண்டது. ஓய்வில்லாத வேலை. போதிய சாப்பாடு இல்லை. மலைக் குளிர் வேறு. வலிப்பு திரும்பத் திரும்ப வந்தது. "இங்கே தக்க சிகிச்சை கிடையாது. வெளியே போய் உடம்பைக் கவனியுங்கள்" என்று உடன் இருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ஆஸ்பத்திரியைப் பார்த்தார். மாணவர்களுக்காக ஆபரேஷன் முறை பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

1942-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 32. குழந்தைக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. எழுதிய புத்தகம் பாதியில் நின்றது.

இதைத் தியாகம் என்று எல்லோரும் போற்றுகிறார்கள். தியாகம்தான். ஆனால் கைக்குழந்தையோடு நின்ற சிங்லானைக் கேட்டிருந்தால்? சோலாப்பூரில் கடிதத்துக்குக் காத்திருந்த தாயாரைக் கேட்டிருந்தால்? நோயாளி மருந்தை மறுத்தால் கண்டிக்கும் டாக்டர், தன் விஷயத்தில் அப்படிச் செய்யலாமா என்று ஒரு தாய் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. தொண்டுக்குப் போகிறவர்கள் செய்யும் முடிவுகளில் மிகக் கடினமானது தங்குவது அல்ல; எப்போது வேலையை நிறுத்துவது என்பதுதான் போலும்.

திரும்பியவர்கள்

பாசு 1943-ம் ஆண்டு இந்தியா திரும்பினார். அதோடு நான்கு பேரும் வந்துவிட்டார்கள். எழுத்தாளர் குவாஜா அகமது அப்பாஸ் இந்தக் கதையைப் புத்தகமாக எழுதினார். ஒருவர் மட்டும் திரும்பி வரவில்லை என்பதே புத்தகத்தின் பெயர். 1946-ம் ஆண்டு அது சினிமாவாயிற்று. டைரக்டர் வி. சாந்தாராமே கோட்னிஸாக நடித்தார். சிங்லானாக நடித்தவர் ஜெயஸ்ரீ.

திரும்பி வந்த நான்கு பேரைப் பற்றிச் சினிமா இல்லை. அவர்கள் கப்பலேறியபோதும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அவர்களும் குகைகளில் படுத்தவர்கள்தான், காயங்களைக் கட்டியவர்கள்தான். உடம்பு முடியாதபோது முகர்ஜி திரும்பியது கோழைத்தனமா? ஒருநாளும் இல்லை. பாசு பிற்காலத்தில் மறுபடியும் சீனா போய், ஊசி குத்தி நோய் தீர்க்கும் அக்குபங்சர் வைத்தியத்தைக் கற்று வந்தார். அதை இந்தியாவில் பரப்பியவர் அவரே. திரும்பி வந்ததால் நடந்த காரியம் அது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் படித்த இடா ஸ்கடர் என்ற பெண், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ம் ஆண்டு திண்டிவனம் வந்தாள். தகப்பனார் அங்கே பாதிரியார், டாக்டரும்கூட. கொஞ்ச காலம் இருந்துவிட்டு அமெரிக்கா போய்விட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம்.

ஒரு நாள் இரவு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஒருவர் முஸ்லிம், மற்ற இருவர் இந்துக்கள். இடாவைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றாள் இடா. ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மூவரும் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்!

இடா அந்த ஊரிலேயே தங்கிவிட்டாளா? இல்லை. அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மனம் உருகி அங்கேயே இருந்திருந்தால், நான்காவது பெண்ணையும் அவளால் காப்பாற்றியிருக்க முடியாது. அமெரிக்கா திரும்பினாள். டாக்டருக்குப் படித்தாள். 1899-ம் ஆண்டு பட்டம் பெற்றாள். 1900-ம் ஆண்டு வேலூர் வந்தாள். 1918-ம் ஆண்டு பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார் டாக்டர் இடா ஸ்கடர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அப்படி வளர்ந்ததுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960-ம் ஆண்டு கொடைக்கானலில் காலமானார்.

இந்தக் காலத்தில்

இன்று கப்பலில் போக வேண்டியதில்லை. 1971-ம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகள் சபையின் தொண்டர் திட்டம் நடக்கிறது. "எல்லைகளற்ற மருத்துவர்கள்" என்ற சங்கமும் அதே ஆண்டு பிரான்சில் தொடங்கியது. இத்தனை மாதம் வேலை, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் இவ்வளவு படி என்று முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். போனில் முகம் பார்த்துப் பேசலாம். வீட்டில் ஏதாவது என்றால் மறுநாளே விமானம் ஏறலாம்.

இருந்தாலும் பெற்றவர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை. ஒப்பந்தத்தில் போட்ட தேதியைப் பதிலாகக் காட்டிவிட முடியாது. கோட்னிஸும் ஒரு வருஷம் என்றுதான் போனார். போகிற பிள்ளையிடம் வீட்டார் வேறு சில கேள்விகளும் கேட்டு வைப்பது நல்லது. உடம்புக்கு முடியவில்லை என்றால் திரும்பி வருவாயா? வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? அங்கே ஒருவரை மனதுக்குப் பிடித்தால் எங்களுக்கு எழுதுவாயா? கிளம்பும் முன்பு நடுவீட்டில் உட்கார்ந்து இவற்றைப் பேசுவது சங்கடமாக இருக்கும். பேசாமல் விட்டால், சேதி வரும் நாளில் பிள்ளை தனியாக நிற்க நேரிடும்.

கோட்னிஸின் மகன் இன்ஹுவாவும் வைத்தியம் படித்தான். படிப்பு முடியும் தறுவாயில் 1967-ம் ஆண்டு இறந்துபோனான். சிங்லான் நீண்ட காலம் வாழ்ந்தார். பல முறை இந்தியா வந்து கணவரின் குடும்பத்தாரைப் பார்த்தார். 2012-ம் ஆண்டு காலமானார். கோட்னிஸின் சமாதி சீனாவில் இருக்கிறது. சோலாப்பூரில் அவர் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சீன ஜனாதிபதி டெல்லி வந்தார். கோட்னிஸின் தங்கையைச் சந்தித்துக் கௌரவித்தார். சீனா என்றால் பட்டு விற்க வருகிறவர்கள் என்று மட்டும் அறிந்திருந்த வீட்டில் வளர்ந்த அதே தங்கை. அண்ணன் கப்பல் ஏறி 76 ஆண்டுகள் ஆகியிருந்தன.